குறுக்கே சரி, நெடுக்கே தப்பு

போன வாரம் அவளை எங்கே விட்டுவிட்டு வந்தோம்? புது ஷெட்டின் வாசலில், பெயிண்ட் காயாத போர்டுக்குக் கீழே, இடுப்பில் கை வைத்து நின்ற நிலையில். அவள் அங்கேயே நின்றுகொண்டிருக்கவில்லை. விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தவள்தான், அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இரும்புப் படிக்கட்டும் கைப்பிடியும் செய்கிற பட்டறை அது. அப்பா ஆரம்பித்தது. அப்பா போன பிறகு தம்பி முதலாளி ஆனான், அக்கா கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். வீடு கட்டுகிறவர்களின் ஆர்க்கிடெக்ட் படத்தை பி.டி.எஃப். ஆக அனுப்புவார். அதை அவள் கம்ப்யூட்டரில் படம் வரைகிற கேட் (CAD) சாஃப்ட்வேருக்குள் கொண்டுவந்து, கோடு கோடாகச் சரிபார்த்து, எந்தத் தகட்டை எங்கே வெட்டுவது, எங்கே வளைப்பது என்று பட்டறைக்குப் புரிகிற படமாக மாற்றித் தருவாள்.

பட்டறையில் அவளுக்கு ஸ்கேல் அக்கா என்று பேர். படத்தின் மூலைப் பெட்டியில் அவள் இனிஷியல் இல்லாவிட்டால் வெல்டர் கட்டிங் மெஷினைத் தொட மாட்டார். அது அப்பா போட்ட சட்டம். அந்தப் பட்டறையில் தம்பியால் மாற்ற முடியாத ஒரே சட்டமும் அதுதான்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் புது போர்டில் இடமில்லை. தம்பியின் பேர் மட்டும் பட்டை எழுத்தில் பளபளத்தது.

"போர்டுல இடம் பத்தலக்கா" என்றான் தம்பி. போர்டு ஒரு லாரி நீளம் இருந்தது.

"சரிடா. இடம் கிடைக்கும்போது சொல்லு. அதுவரைக்கும் நான் மவுஸைத் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் வந்துவிட்டாள்.

அன்றிலிருந்து வீட்டில்தான் இருக்கிறாள். தம்பி கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை. நடுவில் அவள் வீட்டுக்காரர் மட்டும் தினமும் சாயங்காலம் வாக்கிங் போய்வந்தார். வேலை பார்த்த கம்பெனியை மூடியதிலிருந்து வீட்டையும் சமையலையும் பார்த்துக்கொள்கிற மனிதர். தங்கமான மனுஷன் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொல்வார்கள். யார் எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்லத் தெரியாதவரை அப்படித்தானே சொல்வார்கள்.

இன்று காலையில் அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"நீங்கதானே படம் போடறவங்க? நான் டாக்டர் பேசறேன். படிக்கட்டு ஆர்டர் குடுத்திருந்தேனே."

அவளுக்கு ஞாபகம் இருந்தது. எலும்பு டாக்டர். கீழே வீடு, மாடியில் கிளினிக் என்று கட்டிக்கொண்டிருக்கிறவர். அவருடைய ஆர்க்கிடெக்ட் அனுப்பிய பி.டி.எஃப். அவள் மெயிலில் வந்து அப்படியே கிடந்தது. அவள் அதைத் திறக்கவே இல்லை.

"சொல்லுங்க டாக்டர்."

"என்னம்மா சொல்றது? படிக்கட்டைக் கொண்டுவந்து மாட்டறாங்க. மாடிக்கு வந்து சேரல. நாலு விரல் கீழயே நின்னுடுச்சு. என் அஸ்திவாரத்துல தப்பா, உங்க படத்துல தப்பா?"

"என் படமா?"

"உங்க பேர்தான் போட்டிருக்கு. என் கையில இருக்கு."

அவள் கையிலிருந்த ஈரத் துண்டு தரையில் விழுந்தது.

"நான் வர்றேன் டாக்டர்" என்று போனை வைத்துவிட்டு உள்ளே போய்ச் செருப்பைத் தேடினாள். சமையலறை வாசலில் வீட்டுக்காரர் கரண்டியோடு நின்றார்.

"எங்க கிளம்பிட்ட? வெயில் கொளுத்துது. எதுவா இருந்தாலும் மாப்ள பாத்துக்குவான், விடேன்."

"என் பேரைப் போட்டு எவனோ படம் வரைஞ்சிருக்கான். விடறதா?"

"எவனோன்னு ஏன் சொல்ற…" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

வேறொரு நாளாக இருந்தால் அந்தப் பாதி வாக்கியத்தைப் பிடித்து உலுக்கி மீதியை வாங்கியிருப்பாள். இன்று அவளுக்குக் காது அடைத்துப்போயிருந்தது. படி இறங்கிவிட்டாள்.

*

டாக்டர் வீட்டில் பூச்சு வேலை முடியவில்லை. சிமெண்ட் மூட்டை அடுக்குக்குப் பக்கத்தில் பாரம் தூக்குகிற செயின் பிளாக்கில் தொங்கியது படிக்கட்டு. அடிப்பகுதி தரையில் சரியாக உட்கார்ந்திருந்தது. பக்கச் சுவரையும் இடிக்கவில்லை. உச்சிப் படி மட்டும் மாடித் தரைக்கு நாலு விரல் கீழே நின்று முழித்தது.

அவள் சுவருக்கு இந்தப் பக்கம் வரும்போதே தம்பியின் குரல் கேட்டது.

"டாக்டர், நாங்க கைவேலைக்காரங்க. படத்துல என்ன இருக்கோ அதைத்தான் வெட்டுவோம். அக்கா வரைஞ்ச படம் இது. கொஞ்ச நாளா அவங்களுக்கு மனசு சரியில்ல. கவனம் சிதறிடுச்சு போல. நீங்க பெரிசா எடுத்துக்காதீங்க."

அவளுக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. பொய் சொல்கிறான் என்பதைவிட, பரிதாபப்படுகிற குரலில் சொல்கிறானே, அதுதான் தாங்கவில்லை. மனசு சரியில்லையாம்! அவள் மனசு எவ்வளவு சரியாக இருக்கிறது என்று அந்த இடத்திலேயே காட்டிவிட வேண்டும் போலிருந்தது.

"யாருக்குடா மனசு சரியில்ல?"

தம்பி திரும்பினான். முகம் வெளுத்துவிட்டது.

"வாக்கா. நீ எதுக்கு இந்த வெயில்ல…"

"டாக்டர், அந்தப் படத்தைக் கொஞ்சம் குடுங்க."

டாக்டர் நீட்டினார். ஐம்பதைத் தாண்டியவர், கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு யாரையும் நம்பாத பார்வை பார்ப்பவர். அவள் படத்தை விரித்தாள். மூலைப் பெட்டியில் வரைந்தவர் என்ற கட்டத்துக்குள் அவளுடைய இனிஷியல் இருந்தது. பார்க்கப் பார்க்க, யாரோ தன் புடவையைக் கட்டிக்கொண்டு தெருவில் போவதைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"இதை…"

தம்பி அவள் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான். "அக்கா, கால்ல வேணாலும் விழறேன். இங்க எதுவும் பேசாத. அடியில ஒரு பிளேட் வெச்சுத் தூக்கிட்டா வேலை முடிஞ்சுது. வீட்டுக்கு வந்து பேசிக்கலாம்."

அவன் மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் காலி வீட்டில் எல்லாமே கேட்கும்.

"பிளேட்டா?" என்றார் டாக்டர். "அப்ப முதல் படி மட்டும் நாலு விரல் உசரமா இருக்கும். தம்பி, நான் எலும்பு டாக்டர். ஒரே ஒரு படி உசரம் மாறினதால தடுக்கி விழுந்தவங்கதான் என் கிளினிக்ல பாதிப் பேர். என் வாசல்லயே ஆள் புடிக்கச் சொல்றீங்களா?"

படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற வெல்டர் பக்கென்று சிரித்துவிட்டு, முதலாளி முகத்தைப் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

"டாக்டர், சாயங்காலம் வரைக்கும் எனக்கு நேரம் குடுங்க" என்றாள் அவள். "இது யார் கை, என்ன தப்புன்னு கண்டுபிடிச்சுட்டு வர்றேன். நான் வரைஞ்சதா இருந்தா அப்பவே ஒத்துக்கறேன்."

"இல்லன்னா?"

"இல்லன்னாலும் வந்து சொல்லுவேன்."

டாக்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "வாங்க. ஆனா ஒண்ணு. இந்தப் பேரை நம்பித்தான் நான் ஆர்டர் குடுத்தேன். இந்தப் பேர் தப்பா இருந்தா நாலு பேர்கிட்ட சொல்லாம இருக்க மாட்டேன்."

*

பட்டறையில் அவளுடைய மேசை அப்படியே இருந்தது. நாற்காலியை மட்டும் யாரோ உயர்த்தி வைத்திருந்தார்கள். உட்கார்ந்தபோது அவள் கால் தரையில் பாவவில்லை. அதற்கே பாதிக் கோபம் வந்தது.

கம்ப்யூட்டரைப் போட்டு டாக்டர் வீட்டுப் படத்தைத் திறந்தாள்.

கோடுகளுக்கு அடியில் மங்கலாக ஒரு போட்டோ கிடந்தது. ஆர்க்கிடெக்ட் படத்தின் காகிதப் பிரதியை ஸ்கேன் பண்ணிய போட்டோ. அதன் மேலேயே கோடு இழுத்து வரைந்துவிட்டு, அதைக் கழற்றிவிடக்கூடத் தோன்றாமல் விட்டிருக்கிறார்கள். காகிதத்தில் தம்பியின் கிறுக்கல். படி ஏறி முடிகிற மேடையை, அதாவது லேண்டிங்கை, வேறு பக்கம் மாற்றச் சொல்லி டாக்டர் கேட்டிருப்பார் போல. நீலப் பேனாவால் தடதடவென்று அம்புக்குறி போட்டிருக்கிறான். அந்த அம்புக்குறி நேராக மாடி உயரம் எழுதியிருந்த எண்ணின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. எண் தெரியவில்லை.

அவளுக்கு விஷயம் மெல்லப் பிடிபட்டது. பட்டறையில் இருக்கும் பழைய ஸ்கேனர் காகிதத்தை இழுக்கும்போது வழுக்கும். குறுக்கே ஒன்றும் ஆகாது. நெடுக்கே மட்டும் படம் கொஞ்சம் சுருங்கிவிடும். 'பில்லை வேணா ஸ்கேன் பண்ணுங்க, படத்தைப் பண்ணாதீங்க' என்று அவள் தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறாள்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, படத்தின் ஓரத்தில் தூணுக்கு அடையாளமாக ஆர்க்கிடெக்ட் போட்டிருந்த வட்டத்தின் மேல் அதே அகலத்துக்குத் தானே ஒரு வட்டம் போட்டாள். அவளுடைய வட்டத்தின் தலையும் காலும் வெளியே நின்றன. போட்டோவில் இருந்தது வட்டமே இல்லை. மேலே யாரோ உட்கார்ந்து எழுந்த பந்து.

ஆக, நடந்தது இதுதான். சுவர் நீளம் தெரிந்திருக்கிறது. அதை வைத்துப் படத்தைச் சரியான அளவுக்குப் பெரிதாக்கியிருக்கிறார்கள். குறுக்கே எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறது. உடனே நெடுக்கேயும் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்து, தெரியாத உயரத்தைப் போட்டோவிலிருந்தே அளந்து போட்டுவிட்டார்கள். எண் தெரியாவிட்டால் ஆர்க்கிடெக்டிடம் கேட்க வேண்டும், இல்லை நேரில் போய் டேப் பிடிக்க வேண்டும். இவர்கள் இரண்டும் செய்யவில்லை.

அவள் தன் மெயிலைத் திறந்து, ஆர்க்கிடெக்ட் அனுப்பியிருந்த அசல் பி.டி.எஃப்.ஐ உள்ளே இழுத்தாள். போட்டோவாக இல்லாமல், கோடு கோடாகவும் எழுத்து எழுத்தாகவும் வந்து விழுந்தது. மாடி உயரம் முத்து முத்தாக எழுதியிருந்தது. வித்தியாசம் அதே நாலு விரல்.

இந்த மெயிலைத் திறக்க முடியாத யாரோதான் ஸ்கேனைப் பிடித்துத் தொங்கியிருக்கிறார்கள். யார்? தம்பிக்குப் படத்தைத் திறக்கத் தெரியும், மூடத் தெரியும், அவ்வளவுதான்.

அவள் படத்தை நெருக்கமாகக் கொண்டுவந்து பார்த்தாள். ஒவ்வொரு மூலையாகப் பார்த்தாள்.

எந்த மூலையிலும் இரண்டு கோடுகள் சேரவில்லை. ஒன்று மயிரிழை குட்டையாக நின்றது, இல்லை மயிரிழை தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. கோட்டு முனையைத் தானாகப் பிடித்துக்கொள்கிற ஸ்னாப்பைப் போடாமல், கண்ணால் பார்த்தே வரைகிற கை.

அந்தக் கையை அவளுக்குத் தெரியும்.

கம்பெனி மூடிய புதிதில், பொழுது போகாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, 'எனக்கும் ஒரு கோடு போடக் குடேன்' என்று கேட்ட கை அது. 'மூலையில கோடு சேரணுங்க, அந்த ஸ்னாப்பைப் போடுங்க' என்று அவள் சொல்வாள். 'கண்ணுக்குச் சரியாத்தானே இருக்கு' என்று சிரிப்பார்.

வாக்கிங்! தினமும் சாயங்காலம் புறப்பட்டு, ஒரு சொட்டு வேர்வை இல்லாமல் திரும்பி வந்த வாக்கிங்!

காலையிலிருந்து கொதித்தது ஒரு கோபம். அதைத் தம்பி மேல் காட்டலாம், கத்தலாம், போர்டைப் பிய்த்து எறியலாம். இது வேறு. இதை யார் மேல் காட்டுவது? போனை எடுத்தாள்.

"பட்டறைக்கு வாங்க."

"இப்பவா? அடுப்புல…"

"அடுப்பை அணைச்சுட்டு வாங்க."

*

அவர் வந்தார். வரும்போதே குற்றவாளி மாதிரி செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். பட்டறைக்குள் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. தரையெல்லாம் இரும்புத் துருவல்.

அவள் எழுந்திருக்கவில்லை. திரையைக் காட்டினாள்.

"ஏங்க, இந்த மூலையைப் பாருங்க."

பார்த்தார்.

"கோடு சேரல" என்றார்.

"யார் கை இது?"

அவர் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். "மாப்ள வந்து கெஞ்சினான். அக்கா கோவத்துல இருக்கா, வேலை நிக்குது, டாக்டர் ஆர்டர் கையை விட்டுப் போச்சுன்னா பேரே போயிடும்னான்."

"யார் பேரு போயிடும்னான்?"

அவர் மறுபடி திரையைப் பார்த்தார்.

"சொல்லுங்க. யார் பேரு?"

"அவன் பேருதான்."

"அவன் பேரு போகக் கூடாதுன்னு என் பேரை எடுத்துக் குடுத்தீங்க."

"ஐயோ, அப்படி இல்ல. இனிஷியல் போட்டது அவன். உன் இனிஷியல் இல்லாம வெல்டர் வெட்ட மாட்டார்னு…"

"நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

அவர் கீபோர்டை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"என் பேரு என்ன வீட்டுச் சாவியா, ஆணியில மாட்டியிருக்குன்னு ஆளாளுக்கு எடுத்துட்டுப் போறதுக்கு?"

"குடும்பத்துக்குள்ள தானேம்மா" என்றார் அவர், கெஞ்சுகிற குரலில். "நீங்க ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டு நிக்கறீங்க. யாராவது ஒருத்தர் நடுவுல தாங்கிப் பிடிக்க வேண்டாமா? வேலை நல்லபடியா முடிஞ்சிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கவே செய்யாது."

அதைக் கேட்டதும்தான் அவளுக்குக் குரல் உடைந்தது.

"அதாங்க எனக்கு ஆறல. படிக்கட்டு சரியா உக்காந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. தினம் ராத்திரி உங்ககிட்டதானே புலம்பினேன்? 'பாருங்க, நான் இல்லாம பட்டறை நிக்கத்தானே செய்யும், இன்னைக்கோ நாளைக்கோ அவன் வந்து கூப்பிடத்தானே செய்வான்'னு. நீங்க ம்ம், ம்ம்னு தலையாட்டினீங்க. என்கிட்ட தலையாட்டிட்டு இங்க வந்து என் நாற்காலியில உக்காந்தீங்க. உசத்தி வேற வெச்சுக்கிட்டீங்க!"

"எனக்குக் கால் நீளம்மா…" என்று சொல்லிவிட்டு, சொன்னதன் அபத்தம் தெரிந்து அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியே யாரோ இரும்பைத் தேய்க்கிற சத்தம் பல்லைக் கூசவைத்தது. அவள் முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

"அந்த எண் தெரியலையே, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா தெரிஞ்சுடுமேன்னு…"

"டேப்பை எடுத்துட்டு நேர்ல போயிருக்கலாம்ல?"

"மாப்ள போறேன்னான். போயிட்டு வந்துட்டான்னுதான் நினைச்சேன்."

அவள் எழுந்தாள். "வாங்க. டாக்டர் வீட்டுக்குப் போறோம். நீங்க எதையும் விளக்க வேண்டாம். அழ வேண்டாம். 'நான்தான் வரைஞ்சேன், அவளுக்குத் தெரியாது'ன்னு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாப் போதும். அதுக்கு அப்புறம் எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன். படத்தை நானே சரி பண்ணித் தர்றேன், தம்பிக்காகவே தர்றேன். எனக்கு அந்த ஒரு வாக்கியம் வேணும்."

"அவ்வளவுதானே? சொல்றேன்" என்றார் அவர். "சத்தியமாச் சொல்றேன்."

முடியாது என்று சொல்லத் தெரியாதவர் என்று நான்தான் முன்பே சொன்னேனே.

*

டாக்டர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, தொங்குகிற படிக்கட்டுக்கு எதிரில் நீதிபதி மாதிரி உட்கார்ந்திருந்தார். தம்பி சுவரில் சாய்ந்து நின்றான். அத்தானையும் அக்காவையும் சேர்த்துப் பார்த்ததும் நிமிர்ந்தான். அவன் கண் போன இடம் அக்காவின் முகம் இல்லை, அத்தானின் முகம்.

"கண்டுபிடிச்சீங்களா?" என்றார் டாக்டர்.

"கண்டுபிடிச்சேன் டாக்டர்." அவள் சுருக்கமாகச் சொன்னாள். வழுக்குகிற ஸ்கேனர், நெடுக்கே சுருங்கிய படம், பேனாக் கிறுக்கலுக்கு அடியில் போன எண், நேரில் வந்து பிடிக்காத டேப். "ஆர்க்கிடெக்ட் படம் சரி. உங்க கட்டடமும் சரி. தப்பு எங்க பக்கம்தான். ஆனா இது நான் வரைஞ்ச படம் இல்ல. அந்த இனிஷியல் நான் போட்டது இல்ல."

"அக்கா!" என்றான் தம்பி. "நம்ம வீட்டு விஷயத்தை…"

"நீ சும்மா இரு. வீட்டு விஷயத்தை லாரியில ஏத்திக் கொண்டுவந்து இங்க தொங்கவிட்டது நீ."

"சரி, அப்ப யார்தான் வரைஞ்சது?" என்றார் டாக்டர்.

அவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள். வெல்டர்கூட முகமூடியை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தார்.

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"நான்தான் வரைஞ்சேன் டாக்டர்."

அவளுக்கு மூச்சு வந்தது.

"ஆனா…" என்றார் அவர். தம்பி ஒரு அடி முன்னால் வந்திருந்தான். வெறுமனே நின்றான், கண் கலங்கி, சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு நிற்பானே, அப்படி. அவர் அவனைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், படிக்கட்டைப் பார்த்தார். "ஆனா… அவ சொல்லித்தான் வரைஞ்சேன். கைதான் என்னோடது. பக்கத்துல உக்காந்து அவதான் அளவு சொன்னா. அவளுக்கு உடம்பு முடியல, அதனால… சின்னத் தப்பு. யாருக்கும் வர்றதுதானே."

சொல்லி முடித்ததும் அவருக்கே வேர்த்தது. எந்த வாக்கிங்கிலும் வேர்க்காத மனுஷனுக்கு.

தம்பி நீளமாக மூச்சை விட்டான். "நான் சொன்னேன்ல டாக்டர்…"

அவள் கத்தவில்லை. கத்துவாள் என்று எதிர்பார்த்துக் காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக இருந்த வெல்டர் ஏமாந்துபோனார். கோபத்துக்கும் ஒரு கொள்ளளவு உண்டு போலிருக்கிறது. அதைத் தாண்டினால் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொள்கிறது.

அவள் டாக்டர் மடியிலிருந்த படத்தை எடுத்து, சிமெண்ட் மூட்டையின் மேல் விரித்தாள். பையிலிருந்து பேனாவை எடுத்து, மூலைப் பெட்டியில் தன் இனிஷியலை ஒரே கோடாக அடித்தாள். பேனாவை வீட்டுக்காரரிடம் நீட்டினாள்.

"நீங்க வரைஞ்சதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. சந்தோஷம். அளவு யார் சொன்னாங்கறது அந்தப் பெட்டியில வராது. வரைஞ்சவர் பேர் மட்டும்தான் வரும். எழுதுங்க."

அவர் பேனாவை வாங்கினார். மூடியைத் திறந்தார். காகிதத்தின் மேல் குனிந்தார்.

எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். மனைவியை இல்லை. மைத்துனனை.

தம்பி தலையை லேசாக, மிக லேசாக ஆட்டினான். வேண்டாம்.

அவர் மூடியைப் போட்டு பேனாவைத் திருப்பி நீட்டினார். "அப்புறம் எழுதிக்கலாமேம்மா. வீட்டுக்குப் போய்…"

அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை. பேனா அவர் கையிலேயே நின்றது. இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும், தன் பக்கம் நிற்க அந்த மனிதருக்கு இன்னொருவரின் அனுமதி வேண்டியிருக்கிறது என்பது அவளுக்குப் பட்டப்பகல் போலத் தெரிந்தது. அழுகை வந்தது. அதை இவர்கள் முன்னால் விடுவதில்லை என்று பல்லைக் கடித்தாள்.

"டாக்டர், உங்ககிட்ட டேப் இருக்கா?"

"கொத்தனார் விட்டுட்டுப் போனது இருக்கு."

"குடுங்க. மாடி உசரத்தை இப்பவே அளந்துடறேன். அந்த எண்ணை உங்க ஆர்க்கிடெக்ட் எழுதின எண்ணோட ஒத்துப் பாத்துட்டுப் படம் போடறேன். நாளைக்கு வரும், என் வீட்டுல இருந்து. வெட்டறதை யார்கிட்ட குடுக்கணுமோ நீங்களே முடிவு பண்ணுங்க."

சாரத்து ஏணியில் ஏறினாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கையால் ஏணியையும் ஒரு கையால் டேப்பையும் பிடித்துக்கொண்டு ஏறினாள். வீட்டுக்காரர் ஓடிவந்து ஏணியைப் பிடிக்கக் கை நீட்டினார்.

"விடுங்க" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். மாடித் தரை விளிம்பில் டேப்பை வைத்து முனையைக் கீழே விட்டாள். அது ஆடியது. கீழே யாராவது பிடித்தால்தான் நேராக நிற்கும். டாக்டரே நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, குனிந்து, தரையோடு சேர்த்து அழுத்திப் பிடித்தார்.

"நேரா இருக்காம்மா?"

"கொஞ்சம் இடது பக்கம். ம், போதும்."

இப்படி எத்தனை கட்டடத்தில் ஏறியிருப்பாள். அவள் மேலே இருந்து எண்ணைக் கத்துவாள், தம்பி கீழே நின்று குறித்துக்கொள்வான். அப்பா இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். இப்போதும் பழக்க தோஷத்தில் அவன் போனை எடுத்து, கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான்.

"சொல்லுக்கா. எவ்வளவு?"

அவள் டேப்பைப் பார்த்தாள். எண்ணை மனதுக்குள் இரண்டு தடவை படித்துக்கொண்டாள். டேப்பைச் சுருட்டினாள். நிதானமாக ஏணியில் இறங்கினாள். தம்பியையும் தாண்டி, பேனாவைப் பிடித்தபடி நின்ற வீட்டுக்காரரையும் தாண்டி நடந்து போய், நாற்காலிக்குத் திரும்பியிருந்த டாக்டரின் காதருகே குனிந்து அந்த எண்ணைச் சொன்னாள்.